கழுகக்காவின் தண்ணீர்த் தொட்டி

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைக் கழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, கண்ணைப் பார்த்து வைத்தது. இருபத்திரண்டு வருடமாக எலிகளின் நுரையீரலை வெட்டிக் கொடுப்பது அவள் வேலை.

பயப்பட வேண்டாம், ரத்தமெல்லாம் கிடையாது. நுரையீரல் அவளிடம் வரும்போது ஒரு மெழுகு வில்லைக்குள் சமர்த்தாக உறைந்திருக்கும். அதை மெஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லிய சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடாவாக வரும். நாடாவை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் போனதும் ஸ்லைடில் ஏந்த வேண்டும். சாயம் ஏற்றினால் மைக்ராஸ்கோப்புக்குத் தயார். ஒவ்வொரு வில்லை முடிந்ததும் தண்ணீரின் மேல்பரப்பை மெல்லிய காகிதத்தால் வழித்துவிட வேண்டும். இல்லையென்றால் முந்தின எலியின் துணுக்கு ஏதாவது அடுத்த எலியின் ஸ்லைடில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

எலிகள் டாக்டரம்மாவுடையவை. நுரையீரலில் புற்றுநோய் எப்படித் தொடங்குகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒரு கூட்டம் எலிகளுக்கு மரபணுவை மாற்றியிருந்தார்கள், அவற்றுக்குக் கட்டி வரும். இன்னொரு கூட்டம் ஒப்பிட்டுப் பார்க்க வளர்க்கும் சாதா எலிகள். அவற்றுக்கு வரக்கூடாது.

நாற்பத்தொன்பது வயதில் கழுகக்காவுக்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் மங்கிவிட்டது. செய்தித்தாளைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிப்பதைப் பார்த்து, லிஃப்ட் மெக்கானிக்கான புருஷன் சும்மா இருப்பாரா?

"ஒரு கண்ணாடி போட்டா கிரீடமா இறங்கிடும்?"

"கழுகு கண்ணாடி போட்டு எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

ஜம்பம் பாதி என்றால் பயம் பாதி. பக்கத்துப் பிரிவில் வெட்டிக்கொண்டிருந்த மனிதருக்குக் கை நடுங்குகிறது என்று தெரிந்த மறுநாளே, அவரை ஸ்லைடுகளுக்குச் சீட்டு ஒட்டும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மேசையைக் கடக்கும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பாள். மெஷினை விட்டு எழுந்தால் அப்புறம் அவள் யார்? கைப் பழக்கத்தை நம்பி இரண்டு மாதம் ஓட்டிவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா துள்ளிக் குதிக்காத குறையாக ஓடிவந்தார்.

"அக்கா! சாதா எலிக்குக் கட்டி! எந்த மாத்தமும் பண்ணாத எலிக்கு! வந்து பாருங்க!"

கேக் வந்தது. வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடத்துப் பெரிய ஆராய்ச்சியாளர்கள் கூட்டத்தில் டாக்டரம்மா இதைச் சொல்லப்போவதாகப் பேச்சு. கழுகக்கா ஒரு கையில் கேக்கோடு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். அதில் பார்ப்பதற்கு அவளுக்கு ஒரு குறையும் இல்லை, திருகைத் திருகினால் தெளிந்துவிடும். திருகினாள். நுரையீரல் தெளிவானால் கட்டி மங்கியது. கட்டி தெளிவானால் நுரையீரல் மங்கியது. இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்றின்மேல் ஒன்று கிடந்தது.

கேக்கை அப்படியே மேசையில் வைத்தாள். அந்த வில்லைக்கு முன்னால் அவள் வெட்டியது கட்டி வந்த எலியை.

சாயங்காலம் புருஷனிடம் கொட்டினாள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றினார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியுமே."



மறுநாள் காலையில் வேறொரு வில்லையை வெட்டி முடித்ததும் அந்த வில்லையை மறுபடி எடுத்தாள். தொட்டியை வழக்கம்போல் வழித்தாள். சுத்தம் என்றுதான் தோன்றியது. பிறகு, வீட்டில் சொல்லாமல் எடுத்துவந்த புருஷனின் படிக்கும் கண்ணாடியைக் கைப்பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள். தண்ணீரில் நான்கு துணுக்குகள், ஊர்வலம் போவது போல மிதந்துகொண்டிருந்தன. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தன்மேலேயே அப்படி ஒரு கோபம். நான்கையும் ஒன்று விடாமல் வழித்தெடுத்து, பன்னிரண்டு சீவல் வெட்டிச் சாயம் ஏற்றினாள். பன்னிரண்டிலும் கட்டி இல்லை.

ஸ்லைடு தட்டோடு போய் டாக்டரம்மாவின் முன்னால் நின்றாள்.

"அது அந்த எலியோடது இல்ல டாக்டர். முந்தின எலியோடது, தொட்டியில மிதந்திருக்கு. எனக்குக் கிட்டத்துல கண்ணு தெரியல. ரெண்டு மாசமா மறைச்சுட்டேன்."

டாக்டரம்மா பன்னிரண்டையும் பார்த்தார். பார்த்து முடித்த பிறகும் தலையை நிமிர்த்தவில்லை.

"நானும் திருகிப் பாத்தேன்கா. ரெண்டும் ஒரே மட்டத்துல நிக்கல. நேத்தே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா?"

"நாலு வருஷமா எல்லாம் எதிர்பாத்த மாதிரியேதான் வருது. ஒண்ணே ஒண்ணு புதுசா வந்துச்சு. விட மனசு வரல."

அடிப்பாவி, நேற்றே சொல்லித் தொலைத்திருந்தால் ஒரு தூக்கமாவது மிஞ்சியிருக்குமே என்று கழுகக்காவுக்குக் கோபம் பொங்கியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நல்ல கண்ணை வைத்துக்கொண்டு பார்க்காமல் இருப்பதும் கஷ்டமான காரியம்தான்.

டாக்டரம்மா அங்கேயே போனை எடுத்து, வெள்ளிக்கிழமை தனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று சொன்னார். வைத்துவிட்டுக் கேட்டார்:

"இந்த ரெண்டு மாசத்துல எத்தனை வில்லை?"

"நூத்திப் பதினாலு."

"எல்லாத்தையும் திரும்ப வெட்டணும்."

கழுகக்கா ஸ்லைடு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "யாரு வெட்டப்போறா, டாக்டர்?"

டாக்டரம்மா முதன்முறையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இது யார் கண்ணாடி?"

"வீட்டுக்காரரோடது."

"சாயங்காலம் உங்களுக்குன்னு ஒண்ணு வாங்கிக்கோங்க. இப்போதைக்கு இதையே போட்டுட்டு ஆரம்பிங்க."

அவள் தொட்டித் தண்ணீரை முழுவதும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். போன் அடித்தது. கண்ணாடியைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கிவிட்டுப் புருஷன்தான் கூப்பிடுகிறார் என்று பார்க்காமலே தெரியும். அவள் எடுக்கவில்லை. முதல் வில்லையை மாட்டியாகிவிட்டது.