பஸ்மியா தொட்ட இனிப்பு

பால் குடிக்கும் பச்சிளங்குழந்தை எந்த இடத்தில் மூச்செடுக்க மறக்கிறது என்பதுதான் மருத்துவர் பஸ்மியாவின் ஆய்வு. உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்செடுப்பதும் நிறைமாதக் குழந்தைக்குத் தானாகவே கூடிவரும். மாதம் குறைந்து பிறந்ததற்குக் கூடிவராது. விழுங்கும் அவசரத்தில் மூச்சை விட்டுவிடும், அல்லது பாலை மூச்சுக்குழாய்க்குள் இறக்கிவிடும். திருகோணமலை ஆஸ்பத்திரி வார்ட்டில் தாய்மாரின் பக்கத்தில் இருந்து, குழந்தையின் தொண்டையையும் நெஞ்சையும் மாறிமாறிப் பார்த்து, "இப்ப நிப்பாட்டுங்க, புள்ள மூச்செடுக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லியே அவருடைய இளமை கழிந்திருந்தது. கல்யாணம் கூடிவரவில்லை. அதைப் பற்றிய ஊர்க்கதைக்கு மட்டும் குறைவில்லை.

குறைமாதக் குழந்தைக்கு விட்டுவிட்டுப் பாலூட்ட வேண்டும் என்றதைத் தாய்மார் உடனே ஏற்றார்கள். தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காதீர்கள் என்றதற்குத்தான் பெரும்பாடு பட வேண்டியிருந்தது. பிறந்த பிள்ளையின் மேலண்ணத்தில் மதிப்புக்குரிய ஒருவர் பேரீச்சம்பழத்தைத் தொட்டு வைப்பது அவருடைய ஊரான கிண்ணியாவின் வழக்கம். தொட்டவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். வெறும் தொடுகையால் மூச்சு அடைக்காது என்று பஸ்மியாவுக்குத் தெரியும். தொடுகை தொடுகையோடு நிற்பதில்லை என்பதும் தெரியும். ஆகவே, பிள்ளை தேறும்வரை அதைத் தள்ளிப்போடும்படி வீடுவீடாகப் போய்க் கேட்டார். பல வருடம் கேட்டபின் பெண்கள் இணங்கத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் தம்பி அப்ராசுக்கு மாதம் குறைந்த ஆண் குழந்தை பிறந்தது. வார்ட்டில் பஸ்மியாவே பார்த்துப் பார்த்து ஓரளவு தேற்றி வீட்டுக்கு அனுப்பினார். அன்று ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு சொந்தமெல்லாம் கூடியது. அப்ராசின் மாமியார் சனூஸா, பேரீச்சம்பழம் வைத்த சிறு பீங்கான் தட்டை பஸ்மியாவின் முன் நீட்டினார்.

"டொக்டர் மகள், நீங்கதான் தொடணும். மௌலவியும் வாணாம், ஹாஜியாரும் வாணாம். புள்ள உங்களப் போலப் படிக்கட்டும்."

"இப்ப ஏலாது மாமி. இவனுக்கு மூச்சு இன்னும் ஒழுங்குக்கு வரல்ல."

"விரல் நுனியால தொடுறதுக்கு என்னத்துக்கு இவ்வளவு கதை? பெத்திருந்தா இந்த ஆசை விளங்கியிருக்கும்."

"மாமி, சும்மா இருங்க" என்று அதட்டிய அப்ராஸ், பஸ்மியாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "ராத்தா, ஒரு பொட்டுத்தானே. எனக்காக."

குத்தல் பஸ்மியாவை அசைக்கவில்லை, அது பழகிப்போனது. அவரை அசைத்தது 'உங்களப் போல' என்ற சொல். அந்தக் குடும்பத்தில் கல்யாணமாகாத குமர்ப்பிள்ளைகளுக்கு இதுவரை சொல்லப்பட்டதெல்லாம் பஸ்மியாவைப் போல ஆகிவிடாதே என்பதுதான். இன்று ஒரு பிள்ளைக்கு அவருடைய குணத்தைக் கேட்கிறார்கள். அவர் கைகழுவி, பழத்தை மசித்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு தொட்டு வைத்தார். பிள்ளை சப்புக்கொட்டியது. வீடே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

பின்னால் நடந்ததைத் தம்பி மனைவி ஹுஸ்னியா அழுதழுது சொல்லித்தான் அறிந்தார். டொக்டரே வைத்துவிட்டார், இனி என்ன பயம் என்று பெரியம்மாமாரும் சாச்சிமாரும் முறைவைத்துத் தொட்டிருக்கிறார்கள். மிச்சத்தைச் சனூஸா தண்ணீரில் கரைத்துக் கரண்டியால் பருக்கியிருக்கிறார். பிள்ளை நீலம் பாரித்துத் துவண்டபோதுதான் கரண்டியைக் கீழே வைத்தார்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்த பிள்ளையின் சிறு தொண்டையிலிருந்து பஸ்மியா பழுப்புத் தண்ணீரை உறிஞ்சி எடுத்தார். உயிர் தங்கியது. நெஞ்சு முழுக்கச் சளியோடு பிள்ளை ஒட்சிசனில் கிடந்தது.

"மாமி, தண்ணி ஏன் குடுத்தீங்க?"

"நீங்க தொடக்கினதத்தானே மகள் நாங்க முடிச்ச" என்றார் சனூஸா, துளியும் கூசாமல்.

பிள்ளை தேறி வீடு போனது. அதன்பிறகுதான் பஸ்மியாவுக்கு உண்மையான தண்டனை தொடங்கியது. டொக்டரின் கை பட்டதால்தான் பிள்ளை மௌத்தின் வாயிலிருந்து திரும்பியது என்று சனூஸா ஊரெல்லாம் சொன்னார். மாதம் குறைந்து பெற்ற தாய்மார் வார்ட்டுக்கே பேரீச்சம்பழம் கொண்டுவந்து, "எங்கட புள்ளைக்கும் தொடுங்க டொக்டர்" என்றார்கள். அவர் மறுத்தார். காரணம் சொன்னார், தம்பி பிள்ளைக்கு நேர்ந்ததையும் ஒளிக்காமல் சொன்னார்.

"ஓம் ஓம், சொந்தத்துக்கு மட்டுந்தான் இனிப்பு, எங்களுக்குப் புத்திமதி" என்றாள் பஸ்னா என்ற இளந்தாய், எல்லோரும் கேட்கும்படி. வார்ட்டில் சிரிப்பு எழுந்தது.

பிறகு யாரும் கேட்கவில்லை. முன்பெல்லாம் வைக்கலாமா என்று கேட்டுவிட்டாவது வைப்பார்கள். இப்போது கேட்காமலே வைத்தார்கள், கேட்டால் மறைத்தார்கள். ஆய்வுக்காக அவர் கட்டில்கட்டிலாகப் போய் விசாரித்தால் ஒரே விடைதான்.

"புள்ளைக்கு வேற என்னவும் குடுத்தீங்களா, பஸ்னா?"

"ஒண்டும் குடுக்கல்ல டொக்டர். தாய்ப்பால் மட்டும்தான்."

குழந்தையின் கடைவாயில் பழுப்புப் பிசுக்கு காயாமல் இருந்தது. பஸ்மியா அதைத் துணியால் துடைத்தார். குனிந்து, மூச்சு வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டார்.