துடைத்து வைத்த தட்டுகள்

இப்போது நான் இலக்கியம் படிக்கிறேன். அதற்கு முன்பு இரண்டு ஆண்டுகள் பெங்களூரில் பொறியியலையும் சுற்றுப்புற அறிவியலையும் ஒரே பட்டமாகச் சேர்த்துப் படித்தவள் என்று சொன்னால், வகுப்பில் யாரும் நம்புவதில்லை. எழுபதுகளில் ஒரு கல்லூரி சோதனையாகத் தொடங்கிய படிப்பு அது. காலையில் இரும்பின் வலிமை, பிற்பகலில் காற்றின் தூய்மை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று உறவினர் கேலி செய்தனர். எனக்குக் கணக்கும் வரும், கட்டுரையும் வரும் என்ற கர்வம் இருந்தது. அதிகம் பேசாதவர்களின் கர்வம் வெளியே தெரிவதில்லை. அதனால் அதை யாரும் சரிசெய்யவுமில்லை.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒன்றை அளந்து அறிக்கை எழுத வேண்டும். அதை இரண்டு துறைகளும் தனித்தனியே ஏற்க வேண்டும். ஒன்று மறுத்தாலும் மூன்றாம் ஆண்டு கிடையாது. படிப்பைவிட்டு விலக வேண்டியதுதான். மற்றவர்கள் ஏரி, சாக்கடை, சர்க்கரை ஆலை என்று தேடி அலைந்தார்கள். சுரங்க ஊரான தங்க வயலில் பிறந்தவளுக்கு அந்தச் சிரமம் இல்லை. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் கல்மாவு மலையாய்க் குவிந்து கிடக்கும் சயனைடு மேடு சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னாலேயே இருந்தது. ஆடிக் காற்றில் அந்த மாவு கிளம்பினால், சோற்றுப் பானையை மூடுவதற்குள் பல்லில் நறநறக்கும்.

எனவே தூசியை அளப்பது என்று முடிவு செய்தேன். வீட்டிலிருந்த பீங்கான் தட்டுகளில் விளக்கெண்ணெய் தடவி, மேட்டையொட்டிய எங்கள் லைனில் தொடங்கி, சற்றுத் தள்ளி ஏற்றத்தில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த அதிகாரி பங்களா வரை, மதில்களின் மேல் வரிசையாக வைத்தேன். அது என்ன சாமிக்குப் படையலா என்று கேட்டவர்களுக்கு, “காத்த அளக்கிறேன்” என்று மட்டும் சொன்னேன். விளக்கிச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அந்தச் சிக்கனத்தின் விலை பின்னால் தெரிந்தது.

வாரம் ஒருமுறை தட்டுகளைப் பார்வையிட்டேன். முடிவு வியப்பளித்தது. மேட்டுக்கு மிக அருகிலிருந்த தட்டுகள் பளிச்சென்று இருந்தன. தொலைவிலிருந்த பங்களாத் தட்டில் மட்டும் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி. அடுத்த வாரமும் அப்படியே. சாதாரண மாணவி சந்தேகப்பட்டிருப்பாள். நான் ஒரு கோட்பாட்டை உருவாக்கினேன். தூசி கிளம்பிய வேகத்தில் அருகிலுள்ளவற்றைத் தாண்டிச் சென்று தொலைவிலேயே படிகிறது என்று எழுதி, விளக்கடியில் இருள் என்ற பழமொழியையும் துணைக்கு அழைத்தேன். லைன் தட்டுகளுக்கு மட்டும் எறும்புகள் வருவதையும் விடவில்லை. தூய காற்றை நாடும் சிற்றுயிர்கள் என்று ஒரு முழுப் பத்தி. அந்தப் பத்தியை நான் பலமுறை படித்து ரசித்தேன்.

கல்லூரி திறக்க ஒரு வாரம் இருந்தபோது, பக்கத்து வீட்டு அத்தை அம்மாவோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ரெண்டு மாசமா இன்னா கண்டுபிடிச்சே என்று அவர் கேட்டார். வழக்கத்துக்கு மாறாக எனக்குப் பேச்சு வந்தது. நம் லைனில் தூசி விழுவதே இல்லை என்ற உண்மையை இயன்றவரை எளிய சொற்களில் தெரிவித்தேன்.

அத்தை கீரையைக் கீழே வைத்தார். “தூசி வுழறதில்லையா? அப்ப காலைல எழுந்து நாங்க இன்னாத்தடி தொடைக்கிறோம்?”

அம்மா தலை நிமிரவில்லை. “படிச்ச புள்ள சொல்லுது, கேட்டுக்கோ.”

அத்தை என் பக்கம் திரும்பினார். “உன் தட்ட பாத்தியே, எவ்ளோ பளபளன்னு இருந்துச்சி? தெனம் சாம்பல் போட்டுத் தேச்சி வெச்சது யாருன்னு நெனச்சே? மதில்மேல அழுக்குத் தட்டு இருந்தா, போறவங்க வர்றவங்க இன்னா சொல்லுவாங்க?”

எண்ணெய் இருந்ததே என்று ஈனக் குரலில் கேட்டேன். நான் தடவியிருந்ததைப் பார்த்து, அதையும் மறக்காமல் தடவி வைத்தாராம். விளக்கெண்ணெய் கைவசம் இல்லை, கடலை எண்ணெய். என் சிற்றுயிர்கள் எதை நாடி வந்தன என்பது அப்போது விளங்கியது. விசாரித்ததில் லைன் முழுவதும் இதே கதை. மேட்டுக்கு எவ்வளவு அருகில் வீடோ அவ்வளவு அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். துடைக்க ஆளில்லாத ஒரே வீடு அந்தப் பங்களா. நான் அளந்தது காற்றை அல்ல, எங்கள் லைன் பெண்களின் மானத்தை.

இருப்பதோ ஒரு வாரம். ஒரு வாரம் துடைக்காமல் விடுங்கள் என்று வீடு வீடாகக் கெஞ்சினேன். அதுவரை நான் அத்தனை பேரிடம் பேசியதே இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் காலை எல்லாத் தட்டுகளும் பளபளத்தன. “கை சும்மா இருக்க மாட்டேங்குது கண்ணு” என்றார் அத்தை, உண்மையான வருத்தத்தோடு.

அன்றுதான் முதன்முறையாகப் பொறியியல் மாணவியைப் போல் யோசித்தேன். தட்டை விட்டுவிட்டுத் துடைக்கும் துணியைப் பிடித்தேன். லைனில் துடைத்த துணிகளையெல்லாம் வாளித் தண்ணீரில் அலசி, அடியில் தங்கிய சேற்றை வெயிலில் காயவைத்துப் பொட்டலம் கட்டினேன். படித்த பெண் வீடு வீடாக அழுக்குத் துணி கேட்டு வருவதை லைன் சிறுவர்கள் வரவேற்ற விதத்தை இங்கே எழுத இயலாது. எனக்கு இனி மாப்பிள்ளை கிடைப்பானா என்று அம்மா கவலைப்படத் தொடங்கினாள். கோட்பாட்டையும் எறும்புகளையும் கிழித்தேன். எறும்புப் பத்தியைக் கிழிக்கும்போது கை சற்றுத் தயங்கியது. யார் துடைக்கிறார்கள், எத்தனை முறை, ஏன் என்பதைப் புதிதாக எழுதினேன்.

பொறியியல் துறை என்னைக் கிழித்துவிடும் என்றும், மனிதர்களைப் பற்றி எழுதியதால் சுற்றுப்புற அறிவியல் அணைத்துக்கொள்ளும் என்றும் கணித்திருந்தேன். என் மற்ற கணிப்புகளைப் போலவே இதுவும் அமைந்தது. பொறியியல் பேராசிரியர் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டு, அந்தச் சேற்றைக் கிட்டத்தட்ட அன்போடு பார்த்து, தேர்ச்சி அளித்தார். சுற்றுப்புற அறிவியல் பேராசிரியர் மறுத்தார். இயற்கையை அளக்கச் சொன்னால் வீட்டு வேலையை அளந்திருக்கிறாய், மனிதக் கை பட்ட அளவு அளவே அல்ல என்றார். பிறகு, உரைநடை நன்றாக இருக்கிறது என்று இரக்கத்தோடு சேர்த்துக்கொண்டார். மனிதக் கை படாத இடம் எங்கள் லைனில் எது என்று கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வி எனக்கு ஊர் திரும்பி ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கும்போதுதான் தோன்றியது.

சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜை இயக்கும் அப்பா, முன்பு என்னைப் ‘பாதி இன்ஜினியர்’ என்று ஷிப்ட் ஆட்களிடம் சொல்லிக்கொள்வார். இப்போதும் அப்படியே சொல்கிறார். தேறியது அந்தப் பாதிதான் என்பதால், அதில் பொய் ஒன்றும் இல்லை.

அத்தைக்குத்தான் மனம் ஆறவில்லை. நான் ஊர் திரும்பிய அன்று வாசலிலேயே நிறுத்தி விசாரித்தார். இரண்டில் ஒன்று போய்விட்டது, இனி அந்தப் படிப்பு இல்லை என்று சுருக்கமாகச் சொன்னேன். அவர் முந்தானையால் மதிலின் மேற்புறத்தை, தான் செய்வது தெரியாமலே, ஒருமுறை துடைத்தார்.

“உன் வாத்தியாருங்கள ஒரு தடவ இங்க கூட்டியாந்திருக்கலாம்” என்றார். “தட்டெல்லாம் இன்னும் நல்லா தேச்சி வெச்சிருப்பேனே.”