வலை இறங்காத சனிக்கிழமை

மீன்வேலிக்கு இன்றைக்குப் பொறுப்பாளி அகாஃபியா. எட்டுக் கோடையாக அவள்தான். அந்தப் பதவிக்காக ஊர் அவளை மெச்சவில்லை. பதவி யாருக்கு வேண்டுமானாலும் வரும். பத்தொன்பது வயதில், பயிற்சிக்குப் போன முதல் கோடையில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் செய்த காரியத்தைத்தான் ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அவள் மாத்ரோனாவின் மூன்றாவது பெண். ஆறு உறையத் தாமதமான அந்தக் குளிர்காலத்தில், மாத்ரோனா இவளைச் சுமந்திருக்கும்போது, பக்கத்து வீட்டுச் சிகிகாக் கிழவி இறந்துபோனாள். பிறந்த குழந்தைக்கு அவள் பெயரையே வைத்தார்கள். எங்களிடத்தில் பெயர் வந்தால் ஆளும் வந்த மாதிரி. கோயிலில் ஞானஸ்நானத்துக்கு வைத்த பெயர் அகாஃபியா, அது பள்ளிக்கூடத்துக்கும் காகிதத்துக்கும். கிழவியின் மூத்த மகன் நிக்கிஃபர் மூன்றாம் நாளே வந்து, முயல்தோல் தொப்பி ஒன்றைக் குழந்தையின் தலையில் வைத்து, "வந்துட்டியாம்மா" என்றார். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. அன்றிலிருந்து இவள் அவருக்குத் தாய், அவர் இவளுக்குப் பிள்ளை. நாலு வயதில் இவள் அவர் வாசலில் நின்று, கையுறை போடாமல் பனியில் போவாயா என்று அதட்டியதும், அவர் உள்ளே திரும்பிப் போய்க் கையுறை மாட்டிக்கொண்டு வந்ததும் எல்லாரும் பார்த்ததுதான்.

மீன் ஆபீஸ்காரர்கள் வருஷாவருஷம் ஜூனில் மேலாற்றில் குறுக்கே வேலி கட்டுவார்கள். நடுவில் ஒரு வாசல். அதைத் திறந்துவிட்டு, மேலே பலகையில் நின்று, கடலிலிருந்து ஏறி முட்டையிடப் போகிற மீனை இனம் பார்த்து எண்ண வேண்டும். அகாஃபியாவையும் கீழூர் ஒலிங்காவையும் அந்தக் கோடைக்குப் பயிற்சிக்கு எடுத்தார்கள். தலைவி டாரா என்கிற வெள்ளைக்காரப் பெண். கொசுவுக்குப் பயப்படுவாள், வேலைக்குப் பயப்பட மாட்டாள். சாயங்காலம் எண்ணிக்கை போனில் நகரத்துக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் ஊர் வலை போடலாமா கூடாதா என்று ஆபீஸ் சொல்லும்.

அதற்கு முந்தின இரண்டு வருஷமும் ராஜமீன் குறைவாக ஏறுகிறது, அதற்கு வலை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மீனைப் புகை போட்டுக் காயவைக்கிற நிக்கிஃபரின் புகைக்குடிலில் சிலந்திதான் குடியிருந்தது. மூன்றாம் வருஷம் அவர் வலையின் கிழிசலைப் பொத்தி, விறகு பிளந்து அடுக்கி, வயர்லெஸ்ஸில் வேலிக்காரர்களைக் கூப்பிட்டுத் தினமும் விசாரித்தார். வயர்லெஸ்ஸில் பேசினால் ஊரே கேட்கும். "அம்மா, அங்க நின்னு எல்லாத்தையும் நீயே பாத்துக்கிட்டிருந்தா எப்படி? பெத்த பிள்ளைக்கு ரெண்டு அனுப்பு" என்பார். பத்துப் பதினைந்து வீட்டில் சிரிப்புக் கேட்கும்.

செவ்வாய்க்கிழமை மழை. அகாஃபியாவின் எண்ணும் கருவி, அந்த விரலால் அழுத்துகிற குட்டிச் சாமான், மணல் புகுந்து சிக்கிக்கொண்டது. மீனோ நிற்காமல் ஏறுகிறது. அவள் அம்மா மாத்ரோனா மீன் அறுக்கும்போது எண்ணுகிற வழக்கத்தை எடுத்துக்கொண்டாள். எங்கள் எண்ணிக்கை இருபது இருபதாகத்தான் போகும்; கைவிரல் கால்விரல் சேர்ந்தால் ஒரு முழு ஆள், அதுதான் இருபது. சின்ன நாய்மீனுக்கு இருபதுக்கு ஒரு கூழாங்கல் இடது பையில். ராஜமீன் பெரியது, அருமையானது. அதற்கு ஒன்றுக்கு ஒரு கல் வலது பையில்.

முறை முடிந்தபோது நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். ஒலிங்கா மாற்ற வந்தாள். டாரா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அகாஃபியா இடது பையில் நாற்பத்து மூன்று கல், எண்ணூற்று அறுபது என்று எழுதினாள். அதே மூச்சில் வலது பையின் பதினாலு கல்லையும் இருபதால் பெருக்கி இருநூற்று எண்பது என்று எழுதிவிட்டாள்.

நகரத்தில் சந்தோஷப்பட்டார்கள். புதன் சாயங்காலமே ரேடியோவில் அறிவிப்பு வந்தது: சனிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரை வலை போடலாம். ஊர் கல்யாண வீடு மாதிரி ஆயிற்று. ராஜமீன் மட்டும் புதனன்று பன்னிரண்டு, வியாழனன்று ஒன்பது என்று வந்தது. ஒரு நாள் அப்படிப் பொங்கிவிட்டு அடங்கிவிட்டதே என்று டாரா முணுமுணுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கருவி மறுபடியும் சிக்கியது. அகாஃபியா குனிந்து கல் பொறுக்கினாள். வாசலில் ஒரு ராஜமீன், சிவந்து, தொடை கனத்தில், மெதுவாக ஏறிப் போயிற்று. அதற்கு ஒரு கல்லை வலது பையில் போட்டாள். போட்ட கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. ஒரு மீனுக்கு ஒரு கல். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தானே போட்டோம்?

வாசலை அடைத்துவிட்டு ஓடிப்போய் டாராவிடம் சொன்னாள். டாரா பதறித் திட்டவில்லை, போனை எடுத்தாள். உத்தரவு போட்ட அதிகாரி வேறொரு ஆற்றுக்கு விமானத்தில் போயிருக்கிறார், சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன் பிடிக்க முடியாது என்றார்கள். அவர் வாயால் மாற்றாமல் உத்தரவு மாறாது. ஆறு மணிக்கு நாற்பது வலை விழும். முட்டையோடு ஏறிவரும் கொஞ்சநஞ்ச ராஜமீனும் அதில் போகும். ஆபீஸ் வருத்தம் தெரிவிக்கும்; ஆற்றுக்கு அது என்ன செய்யும்?

நான் பேசுகிறேன் என்று டாரா வயர்லெஸ்ஸை எடுத்தாள். அகாஃபியா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். எண்ணினது நான், நான்தான் பேச வேண்டும் என்றாள். தன் பேரைக் காகிதப் பேராகச் சொல்லவில்லை.

"நான் சிகிகாக் பேசுறேன். எல்லாரும் கேளுங்க. செவ்வாக்கிழமை ராஜமீன் வந்தது பதினாலு. இருநூத்தி எம்பது இல்ல. அம்மா மாதிரி கல்லு போட்டு எண்ணினேன், ஒத்தக் கல்ல இருபதுன்னு எழுதிட்டேன். தப்பு என்னுது. நாளைக்கு வலை போடலாம்னு சட்டம் சொல்லுது. போடாதீங்கன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. உள்ளத சொல்லிட்டேன்." கடைசியில், "நிக்கிஃபர் கண்ணு, ஒனக்குந்தான்" என்றாள்.

 பிறகு துறைக்கரை எவோன், நாக்கில் முள் உள்ளவன், "ரெண்டு வருஷமா ஆபீஸ் மூடுச்சு. இப்ப ஆபீஸே தொறந்தாலும் மூடறதுக்கு நம்ம வீட்டுப் பொண்ணையே வச்சிருக்கான். நல்லா படிச்ச போ" என்றான். யாரும் அவனை அடக்கவில்லை. எல்லார் மனதிலும் அதுதான் இருந்தது. அகாஃபியா பொத்தானை விட்டுவிட்டு நின்றாள். ஒலிங்கா அவள் முதுகில் கை வைத்திருந்தாள்.

அப்புறம் நிக்கிஃபரின் தொண்டை.

"எவோனு, எங்கம்மாவ எனக்கு அறுபத்தேழு வருஷமாத் தெரியும். மொதல்ல இருந்தப்பவும் சரி, திரும்பி வந்தப்பறமும் சரி, தான் செஞ்சது தப்புன்னு அவ வாயால வந்து நான் கேட்டதில்ல. இன்னைக்கி ஊரே கேக்கச் சொல்றா. அப்ப மீன் இல்லதான். என் வலை தரையிலதான் கெடக்கும். ஒம் இஷ்டம் ஒனக்கு."

சனிக்கிழமை விடிந்து ஆறு மணி ஆயிற்று. வேலியிலிருந்து கீழே கேட்கிற மோட்டார் சத்தத்தை அகாஃபியா காது கொடுத்துக் கேட்டாள். ஒரே ஒரு படகு. எவோன். தனியாக வலையை இறக்கினான். எங்கள் கரையில் முதல் மீன் ஏறினால் எதிர்கொண்டு வாங்க நாலு பேர் நிற்பார்கள். அன்று ஒரு நாய்கூட இறங்கவில்லை. பத்து மணிக்குள் வலையைச் சுருட்டிக்கொண்டு வந்தவன், கிடைத்த இரண்டு ராஜமீனை நிக்கிஃபர் வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போய்விட்டான். நிக்கிஃபர் அதைத் தலையோடு பெரிய பானையில் சூப்பு வைத்து எல்லாரையும் கூப்பிட்டார். முதல் கிண்ணம் எவோன் வீட்டுக்குப் போயிற்று. மத்தியானம் அதிகாரி கிடைத்தார், உத்தரவும் மாறியது. அதைக் கேட்க எங்கள் ஆற்றில் ஒரு வலைகூட இல்லை.

அந்தக் குளிர்காலத்துக்கு ஊர் நாய்மீனும் வெள்ளைமீனும் தின்றது. முனகல் இருந்தது, நிக்கிஃபரே முனகினார்.

ஆபீசிலிருந்து இலையுதிர் காலத்தில் வீடுவீடாக விசாரிக்க ஒரு புது ஆள் வந்தான். காகிதத்தில் கட்டம் போட்டிருந்தது. திறந்துவிட்ட நாளில் ஏன் மீன் பிடிக்கவில்லை, மோட்டார் பழுதா, உடம்பு சரியில்லையா என்று நிக்கிஃபரைக் கேட்டான்.

"அம்மா மீன் இல்லன்னு சொன்னா."

அவன் பேனாவை நிறுத்தி, கிழவரை மேலும் கீழும் பார்த்து, தாயாருக்கு என்ன வயசு என்று மரியாதையாகக் கேட்டான்.

"பத்தொம்போது" என்றார் நிக்கிஃபர். "எழுதிக்க. எண்ணிக்கையில அவ தப்பு பண்ணினா அவளே சொல்லிருவா."