நான் வாசித்த பூண்டு

நல்லெண்ணெயில் பூண்டு சிவந்து, அதன் வாசனை அடுப்படியைத் தாண்டி வாசல்வரை வந்துகொண்டிருந்த அந்தச் சாயங்காலம் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாளான அம்மா, அவர் மடியில் கிடந்த என் தங்கை, பேறுகாலம் பார்க்க வந்திருந்த அப்பாவின் அக்காள், ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான். அப்பா இல்லை. மல்லசமுத்திரத்திலிருந்து குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி செய்யும் சேலத்துச் சேகோ மில்லுக்கு மாட்டுவண்டி ஓட்டிப் போயிருந்தார். இருந்திருந்தாலும் அவர் என்னைத் தடுத்திருக்கமாட்டார். எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான்.

அத்தைக்குப் பூண்டு இல்லாமல் வைத்தியம் கிடையாது. எனக்குக் காது வலித்தால் பூண்டு காய்ச்சிய எண்ணெயை வெதுவெதுப்பாக இரண்டு சொட்டு விடுவார். சளி கட்டி மூச்சு இளைத்தால் பாலில் வேகவைத்துக் கடைந்து குடிக்கச் சொல்வார். வயிற்றுப் பூச்சிக்குச் சுட்டுத் தருவார். முழங்கையில் இருந்த படைக்கு நசுக்கித் தேய்த்து அலறவிடுவார். பிள்ளை பெற்றவளுக்கோ அதுதான் சோறும் மருந்தும். கருப்பட்டிப் பாகில் கிளறிய பூண்டு லேகியம் காலையில் ஓர் உருண்டை, மத்தியானம் பூண்டுக் குழம்பு, படுக்கப்போகும் முன் தணலில் சுட்ட நாலு பல். "உள்ள போகட்டும் புள்ள, வவுத்து வாயு கலையும், பாப்பாளுக்குப் பாலு தானா எறங்கும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து தின்னவைப்பார். மற்றதெல்லாம் பத்தியம் என்று விலக்கப்பட்டிருந்ததால், அம்மா ஆசையோடு பிசைந்து சாப்பிட்டது அந்தக் குழம்பு ஒன்றைத்தான்.

ஒரே அறை வீடு. என் சட்டை, புத்தகப்பை, தலைமயிர் எல்லாவற்றிலும் அந்த வாசனை ஏறியிருந்தது. வகுப்புக்குள் காலை வைத்ததுமே, "டேய், பூண்டு மூட்டை வந்திருச்சு, சன்னலத் தொறங்கடா!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்துவான். இன்னொருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "உங்கூட்டுல புள்ள பெத்தது உங்கம்மாளா, நீயாடா?" என்பான். நான் ஆற்றில் குளித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன்; சட்டையை வேலியில் காயவிட்டுப் பார்த்தேன்; ஒன்றும் பலிக்கவில்லை. அந்த வயதில் எனக்கு அம்மாவின் உடம்பைவிட என் சட்டை பெரிதாக இருந்தது.

அன்று ராவுத்தர் கடையிலிருந்து கருப்பட்டி பொதிந்து வந்த தாளை, வழக்கம்போலப் பிரித்து நீவி வாசித்தேன். மேல்பாதி கிழிந்துபோன அச்சுத்தாள். மிஞ்சிய பாதியின் முதல் வரி இப்படி இருந்தது: "பூண்டு தின்றால் பால் கெடும்; நாளடைவில் வற்றியும் போகும்."

உரக்க வாசித்தேன். அடுப்பருகே அத்தையின் கரண்டி நின்றது.

"இன்னொருக்காப் படி சாமி" என்றார் அம்மா. படித்தேன்.

"எவன்டா அவன் எழுதுனவன்? அவன் புள்ள பெத்தானா?" என்றார் அத்தை. "நாலு பெத்தவ நானு. நாலும் கல்லு மாதிரி நிக்குது."

அம்மா குழந்தையைப் பார்த்துக்கொண்டே நாத்தனாரிடம் தணிந்த குரலில், "பையன் படிச்சுச் சொல்றானுங்க நங்கை. எழுத்துல இருக்குதுங்க" என்றார்.

"அப்ப உம்பையனே லேகியம் கிண்டட்டும்."

மறுநாள் அப்பா வந்ததும் வண்டியை அவிழ்க்கும் முன்பே மூன்றாம் முறை வாசித்துக் காட்டினேன். "அச்சுல போடறவன் சும்மா போடுவானா? இதுக்குத்தான பையனப் பள்ளிக்கோடம் அனுப்பறது" என்று என் தலையைத் தடவினார். அத்தை மூட்டை கட்டிக்கொண்டு ஜேடர்பாளையத்துக்கே திரும்பிவிட்டார். வீட்டிலிருந்து பூண்டு போயிற்று. இரண்டே நாளில் பின்வரிசைக்காரன் சன்னலை மறந்துபோனான்.

நான்காம் நாள் வாத்தியார் பலகையில் 'மரம், செடி, கொடி, பூண்டு' என்று எழுதினார். நான் எழுந்து, பூண்டு எப்படி ஐயா தனி வகையாகும் என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. "குழம்புல போடறது மட்டும் பூண்டு இல்லடா. தரையில முளைக்கிற சின்னச் செடி பூராவும் பூண்டுதான். புல்லு பூண்டுன்னு சொல்றதில்லையா? அதுல விஷப்பூண்டும் உண்டு, மேய்ஞ்ச மாட்டுக்குப் பால் கெட்டுப்போகும்" என்றார். எங்கள் வீட்டுப் பேச்சில் வயலில் முளைப்பது 'களை'. பூண்டு என்றால் வெள்ளைப்பூண்டு ஒன்றுதான். அந்தத் தாள் மாட்டைப் பற்றியது என்று எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. அதுவரை நடந்தது அறியாப்பிள்ளையின் பிழை. அதற்குப் பின் நடந்தது அப்படியல்ல.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் அப்போது பால் இருந்தது. தலையைத் தடவிய கை ஞாபகம் வந்தது, சன்னல் ஞாபகம் வந்தது, சொல்லவில்லை. நாளை சொல்லலாம் என்று பத்து நாள் போயின. குழம்பு இல்லாத பத்தியச் சோற்றை அம்மாவால் நாலு வாய்க்கு மேல் விழுங்க முடியவில்லை. மெலிந்தார், பால் குறைந்தது, ஒரு மாதத்துக்குள் நின்றேபோயிற்று. பக்கத்து வீட்டு மாட்டுப்பால் தங்கைக்கு ஒத்துக்கொள்ளாமல் கழிச்சல் கண்டு, துணி மாதிரித் துவண்டாள்.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, எந்த வாசல் என்று பலகை படிக்க அப்பா என்னையும் கூட்டிப்போனார். டாக்டரம்மா அம்மாவின் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். அப்பா முந்திக்கொண்டு, "பத்தியமுங்க. காயிதத்துல போட்டிருந்த மாதிரி பூண்டுகூட நிறுத்திப் போட்டமுங்க" என்றார்.

"பூண்டை நிறுத்தச் சொல்லி எந்தக் காகிதத்தில் இருந்தது?"

"எம்பையன் படிச்சானுங்க. சொல்லு சாமி."

தாள் என் அறிவியல் நோட்டுக்குள் பத்திரமாக இருந்தது. "தொலஞ்சு போச்சுங்க" என்றேன். டாக்டரம்மா அப்பாவிடம் திரும்பினார். "பூண்டு நல்லதுதான். அவளுக்கு வாய்க்குப் பிடித்ததை வயிறாரச் சாப்பிடக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு, குழந்தைக்கு டப்பாவில் வரும் பால்மாவு எழுதிக் கொடுத்தார். அம்மா மறுபடி பூண்டு தின்றார், பால் திரும்பவில்லை. பூண்டுதான் பாலைச் சுரக்க வைக்கிறதா, வயிறு நிறையத் தின்ற சோறா, இரண்டுமா, எனக்குத் தெரியாது. இரண்டையும் அவரிடமிருந்து பிடுங்கியவன் நான் என்பது தெரியும்.

இன்று கிழங்கு லாரியில் போகிறது. அப்பா மில் முற்றத்தில் மாவு காயப்போடுகிறார். அத்தை அதன்பின் எங்கள் வீட்டில் ஒரு பல் பூண்டு உரிக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடமும் நான் சொல்லவில்லை. எனக்கு வாத்தியார் வேலை கிடைத்துப் புதுச்சத்திரம் பக்கத்தில் இருக்கிறேன். தங்கை பிழைத்து, ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அம்மாவுக்குக் கடுதாசியோ பத்திரிகையோ எது வந்தாலும் இப்போது அவள்தான் வாசித்துக் காட்டுகிறாள். இதையும் அவள்தான் வாசிக்கப்போகிறாள். பாதி தெரிந்து பாதி தெரியாமல் அவர்கள் நிற்கவேண்டாம் என்பதற்காகச் செலவையும் எழுதிவிடுகிறேன். பால்மாவு டப்பா, மருந்து, பஸ் கட்டணம் எல்லாவற்றுக்குமாக அப்பா வண்டிக்காளை இரண்டில் ஒன்றைச் சந்தையில் விற்றார். ஒற்றைக் காளை என்பதால் கேட்ட விலை கிடைக்கவில்லை. கிடைத்ததில் ஒரு காசும் மிஞ்சவுமில்லை: நூற்றுப் பதினைந்து ரூபாய்.