காளாஞ்சியும் அகரவரிசையும்

செட்டிபாளையத்துக் கம்சாயினிக்குப் பல்கலைக்கழக அனுமதி வெட்டுப்புள்ளியில் ஒரு தசமதானத்தால் தவறியது. நாட்டின் கல்விக்கொள்கை வேறெதில் அசட்டையாக இருந்தாலும் தசமதானங்களில் மிகக் கண்டிப்பானது. ஆகவே கிழமை நாட்களில் போட்டோக்கொப்பிக் கடையில் வேலை, சனி ஞாயிறுகளில் புளியந்தீவில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி நிரலாக்க டிப்ளோமா. இறுதிச் செயற்றிட்டத்தில் சித்தியடைந்தால் நகரத்துக் கம்பனியொன்று வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. தவறினால் இன்னும் ஒரு வருடம் போட்டோக்கொப்பி.

கல்லூரிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. உண்மையான ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் செய்து, "எமக்குப் பயன்படுகிறது" என்று அவர்களிடம் கையெழுத்துக் கடிதம் வாங்கிவர வேண்டும். கடிதமில்லாதவரை நேர்முகப் பரீட்சைக்கு எடுக்க மாட்டார்கள். கூடப் படித்த டிலக்சன் தன் மாமாவின் பார்மசியைப் பிடித்தான். கம்சாயினி ஊர்க் கோயிலைப் பிடித்தாள். அங்கேதான் கணக்குப் பிழைத்தது.

திருவிழா முடிவில் கோயிற் கடமை செய்தவர்களுக்குக் காளாஞ்சி கொடுப்பார்கள். ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம். சந்தையில் அரை மணி நேரத்தில் வாங்கிவிடலாம். ஆனால் அதை யார் முதலில் வாங்குவது என்பதற்காக இந்த ஊரில் கூடப்பிறந்தவர்களே ஒருவரோடொருவர் கதைக்காமல் செத்திருக்கிறார்கள். கம்சாயினி தன் மென்பொருளில் காளாஞ்சிப் பட்டியலுக்காகக் கடமை செய்வோர் பத்தொன்பது பேரின் பெயர்களைப் பதிந்தாள். கணினி அகரவரிசையில் அடுக்கியது. முதலாவது உதயரூபன், கோயில் வளவைக் கூட்டிக் கழுவுகிறவர். ஏழாவது கனகசிங்கம், கோயிலின் வண்ணக்கர், அதாவது நிர்வாகத் தலைவர்.

வண்ணக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்ன புள்ள இது, கக்கூஸ் கழுவுறவன் மேல, நான் கீழ?"

"அகரவரிசை மாமா. கொம்பியூட்டர் அப்பிடித்தான் போடும்."

"கொம்பியூட்டருக்கு ஊர் தெரியாது. உனக்குத் தெரியும்தானே?"

"அப்ப வரிசையச் சொல்லுங்க, அப்பிடியே போடுறன்."

சொல்வதற்கென்று கூட்டம் கூட்டினார்கள். ஊரின் ஏழு குடிவம்சங்களிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். வரிசை எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஆளுக்கொன்றாக. சிலை கொண்டுவந்தது தாங்கள் என்றார் ஒருவர். காணி கொடுத்தது தாங்கள் என்றார் மற்றவர். தங்களிடம் செப்பேடே இருந்ததாகவும் வெள்ளத்தில் மிதந்து போய்விட்டதாகவும் மூன்றாமவர் சொன்னார். செம்பு மிதக்கும் என்ற அரிய உண்மையை அங்கே யாரும் மறுக்கவில்லை. கடைசியில் செயலாளர் எழும்பினார்.

"எழுதி வைக்காததாலதான் இவ்வளவு காலம் கோயில் நடக்குது. எழுதினா நாளைக்கு ஒராள் அதைத் தூக்கிட்டுக் கோட்டுக்குப் போவான்."

எழுதவே முடியாத ஒரு விதியை இவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்து வருகிறார்கள்.

கம்சாயினி விரிவுரையாளர் ஜிப்ரியிடம் போனாள்.

"சேர், விதியே இல்லாத ஒண்டுக்கு நான் என்னத்த எழுதுற?"

"எங்கட ஊர்ப் பள்ளிவாசல்ல கந்தூரிச் சோறு குடுக்கிறதுக்கும் இதே கதைதான்" என்றார் அவர். "ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள கடிதம் வேணும் பிள்ளை."

வியாழக்கிழமை அவள் மறுபடி வண்ணக்கர் வீட்டு வாசலில் நின்றாள். அவருக்கும் ஊர்ப்பிள்ளை தவறுவதில் விருப்பமில்லை. "கையெழுத்து வைக்கிறன். ஆனா இத எங்கட கோயில்ல திறக்கப்படாது" என்றார். "மேற்படி மென்பொருள் எமது ஆலய நிர்வாகத்துக்குப் பேருதவியாக உள்ளது" என்ற கடிதத்தில் முத்திரையும் நேராக விழுந்தது.

நேர்முகத்தில் டிலக்சன் முன்னால் போனான். அவனுடைய மென்பொருள் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு அப்படியே உறைந்துவிட்டது. அது அற்புதமாக இயங்குவதாக மாமாவின் கடிதம் சொன்னது. பரீட்சகர்கள் கடிதத்தை நம்பினார்கள்.

கம்சாயினியின் மென்பொருள் கேட்டதையெல்லாம் செய்தது. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஸஹ்ரா கடிதத்தைப் புரட்டினார்.

"கோயில்ல இப்ப பாவிக்கிறாங்களா?"

"ஓம்" என்றால் முடிந்தது. கடிதம் ஏற்கனவே அதைச் சொல்லியிருந்தது. ஜிப்ரி சேர்கூட அவளுக்காகத் தலையை ஆட்டத் தொடங்கியிருந்தார்.

"இல்ல மிஸ். திறக்கப்படாது எண்டு சொல்லித்தான் கையெழுத்து வச்சாங்க."

"அப்ப கடிதம் பொய்யா?"

"கடிதம் மட்டுந்தான் மிஸ்."

நடந்ததை அவள் முழுக்கச் சொன்னாள். ஸஹ்ரா புள்ளித்தாளை இழுத்து எழுதினார். நிரலாக்கத்துக்கு முழுப் புள்ளி. பயனர் ஏற்புக்குப் பூச்சியம், ஏனென்றால் விதி அப்படி. கல்லூரியின் விதி எழுதப்பட்ட விதி.

மொத்தம் ஐம்பத்திரண்டு, சித்தி. டிலக்சனுக்கு எழுபத்தெட்டு, திறமைச் சித்தி. கம்பனி இருவரையும் எடுத்துக்கொண்டது. டிலக்சனை வாடிக்கையாளர்களோடு கதைக்க வைத்தது, கம்சாயினியை நிரல் எழுத வைத்தது. ஆட்களை வரிசைப்படுத்துவதற்கு முன் இந்தக் கதையில் யோசித்தது அந்தக் கம்பனி மட்டும்தான்.