கமலாம்பிகையின் முப்பது பிள்ளைகள்

றெபேக்காவின் குடும்பம் ஒரு மணி நேரக் கார் ஓட்டத்திலிருக்கும் பிறம்ரனுக்கு வீடு மாறியது தாங்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. பின்னேரம் மூன்றேகாலுக்குப் பள்ளிக்கூட மணி அடித்தபோது, எதிர்ப்பக்கத்து அடுக்குமாடி வாசலில் வாடகை லொறி வாய்வரைக்கும் நிரம்பி நின்றது. றெபேக்காவின் கணவர் கிளிபோட்டுக்கு அங்கே ஒரு வெயர்ஹவுசில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது.

கமலாம்பிகை நடுறோட்டுக்கு வந்து ஸ்ரொப் பலகையை உயர்த்தினார். இரண்டு பக்கமும் கார்கள் அடங்கின. றெபேக்காவின் நாலு பிள்ளைகளும் கடைசித் தடவையாக அவருக்கு முன்னால் நடந்து வந்தார்கள். மூத்தவள் லக்சிகா வழக்கம்போலக் கேட்டாள்:

"அன்ரி, இண்டைக்கு என்ன நியூஸ்?"

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை."

"அது எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப இதைக் கேள். செவ்வாய்க்கிழமையும் உங்கள் நாலு பேருக்கும் இஞ்ச பள்ளிக்கூடம் இல்லை."

லக்சிகா சிரிக்கவில்லை. றெபேக்கா லொறிப் படியில் ஏறி நின்றுகொண்டு, "அன்ரி, போன் எடுப்பன்!" என்று கத்தினாள். கமலாம்பிகை பலகையை ஆட்டி விடைகொடுத்தார். லொறி திரும்பி மறைந்த பிறகும் பலகை உயர்ந்தபடியே இருந்தது. ஒரு பஸ் ஹோர்ன் அடித்த பிறகுதான் இறக்கினார்.

கமலாம்பிகைக்கு அறுபத்தொரு வயது. மோர்னிங்சைட்டில் அந்த மூலையில், பிள்ளைகளை றோட்டுக் கடத்திவிடும் கிறொசிங் கார்டாக நின்று ஒன்பது வருடமாகிறது. பள்ளிக்கூடம் கத்தோலிக்கப் பள்ளிக்கூடம். அவரோ சுத்த சைவம். கம்பளித் தொப்பிக்கும் புருவத்துக்கும் இடையில் கிடைக்கிற ஒரு அங்குலத்தில் தினமும் மூன்று குறி திருநீறு இருக்கும். ஒன்பது வருடத்தில் பள்ளிக்கூடத்துக்குள் இரண்டே தடவைதான் போயிருக்கிறார், அதுவும் கழிவறை அவசரத்துக்கு. ஆனாலும் அந்தப் பள்ளிக்கூடத்தின் செய்தித்தாள் அவர்தான்.

பள்ளிக்கூடம் கிழமைக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பும். இரண்டு வேலைக்கு ஓடுகிற தாய்மாருக்கு அதைத் திறக்க நேரமில்லை. அன்ரியைக் கேட்டால் ஆயிற்று. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகும் இருபது அடிக்குள் ஒரு செய்தி. அதுதான் அவருடைய கணக்கு. "நாளைக்கு யூனிபோர்ம் வேண்டாம், விருப்பமான உடுப்புப் போடலாம்." "பீற்சா வியாழக்கிழமைக்கு மாத்தியாச்சு." "மூண்டாம் வகுப்பில பேன் வந்திருக்கு, தலையைப் பாருங்கோ." இவை எல்லாம் அவருக்குப் பள்ளியின் துப்பரவுப் பணியாளர் றெமிஜியஸிடமிருந்து வரும். காலை ஏழரைக்கு அவன் உறைபனி கரைய நடைபாதைக்கு உப்புப் போட வரும்போது ஒருதரம் கேட்பார். எட்டு மணிக்கு மறுபடியும் கேட்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் செய்தி றோட்டைத் தாண்டும். அதிபரே ஒருநாள் கார்க் கண்ணாடியை இறக்கி, படம் பிடிக்கிறவர்கள் வருவது நாளைக்கா நாளையிண்டைக்கா என்று அவரிடம் கேட்டதாக றெமிஜியஸ் சொல்லித் திரிவான். கமலாம்பிகை அதை மறுத்ததுமில்லை, ஒத்துக்கொண்டதுமில்லை.

தை மாதம் அவருக்கே ஒரு செய்தி வந்தது. மேற்பார்வையாளர் போனில் சொன்னார்: மாசியில் ஒரு புதன்கிழமை காலை, அந்த மூலையில் நடந்து கடக்கிற பிள்ளைகளை எண்ண ஆள் வரும். முப்பதுக்குக் குறைந்தால் ஆனி மாதத்தோடு அங்கே கார்ட் தேவையில்லை.

கமலாம்பிகைக்கு விரல் விட்டு எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை. ஒவ்வொரு தொப்பியும் அவருக்குத் தெரியும். றெபேக்காவின் நாலோடு முப்பத்துநாலு பேராக இருந்தவர்கள். இப்போது சரியாக முப்பது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் கதை முடிந்தது.

அந்தக் குளிருக்கு அவருடைய இடது சப்பாத்து வெடித்துத் தண்ணீர் வாங்கியது. றெமிஜியஸ் பார்த்துவிட்டு, "அக்கா, புதுசு வாங்குங்கோவன்," என்றான்.

"வேலை இருக்குமோ எண்டு தெரியாமல் சப்பாத்து என்னத்துக்கு? பிளாஸ்ரிக் பையைச் சுத்திப் போட்டுக் காலை விட்டால் ஒண்டும் நனையாது."

விஷயம் பிறம்ரன்வரை போய்விட்டது. றெபேக்கா போன் எடுத்தாள். "அன்ரி, அண்டைக்கு நான் லீவு போட்டிட்டு நாலையும் ஏத்திக்கொண்டு வாறன். ஒருக்கா நடந்து காட்டட்டும். ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றார் கமலாம்பிகை. "ஒம்பது வருசமாய் நான் இந்த றோட்டில பொய் சொன்னதில்லை. உம்மட பிள்ளையளுக்கு அங்கயும் பள்ளிக்கூடம் இருக்கு. கூட்டிக்கொண்டு வந்தால் ஸ்ரொப் பலகையைக் காட்டித் திருப்பி அனுப்புவன்."

அந்தக் கிழமை முழுக்கத் தாய்மாருக்குச் சொன்ன செய்தியும் அப்படியேதான் இருந்தது. "புதன்கிழமை எண்ணுகினம். நடந்து வாற ஆக்கள் நடந்து வாங்கோ. காரில வாற ஆக்கள் காரிலயே வாங்கோ."

அந்தப் புதன்கிழமை, கத்தோலிக்கர் நெற்றியில் சாம்பல் பூசும் திருநீற்றுப் புதனாக வாய்த்தது. குளிர் சைபருக்குக் கீழே பத்தொன்பது. ஏழே முக்காலுக்கு, தலைத் துணிக்கு மேலே தொப்பியும் கையில் எழுதும் அட்டையில் செருகிய தாளுமாக, எண்ண வந்த பெண் மின்கம்பத்தடியில் நின்றாள். முப்பது வயதிருக்கும். பெயர் இஸ்ரத் என்றாள், தமிழில்.

முதல் ஆளாக ஒன்றாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒன்று தாயின் கையில் தொங்கிக்கொண்டு வந்தது. கமலாம்பிகையின் நெற்றியை அண்ணாந்து பார்த்தது. "அன்ரி, உங்களுக்கு ஆஷஸ் ஓல்றெடி வைச்சிட்டினமா? எங்களுக்கு மாஸிலதான்."

"எனக்கு ஒவ்வொரு நாளும் புதன்கிழமைதான், குஞ்சு. நட."

இஸ்ரத் சிரித்துக்கொண்டே தாளில் ஒரு கோடு போடப் போனாள். பேனை எழுதவில்லை. அதை வாயருகே பிடித்து ஊதினாள். கமலாம்பிகைக்குப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"பிள்ளை, எவ்வளவு நேரம் நிக்க வேணும்?"

"ஒம்பது மட்டும், அன்ரி."

"இந்தக் குளிரிலயோ! இந்தாரும், இஞ்சிப் பிளேன்ரீ."

"வேணாம் அன்ரி, இண்டைக்கு றமழான் தலை நோன்பு."

"ஐயோ, தெரியாமல் நீட்டிப்போட்டன்." போத்தலை மூடினார். அதோடு விட்டிருக்கலாம். வந்தவரைக் குளிரில் நிற்க விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்க அவரால் முடியாது. "நோன்பில குடிக்கத்தான் கூடாது. சூடாய் இருக்கக் கூடாதெண்டு இல்லைத்தானே? றெமிஜியஸ்! உன்ர வானைத் திற."

றெமிஜியஸ் உப்பு வாளியோடு வந்தான். "அக்கா, அதில ஹீட்டர் மட்டும்தான் வேலை செய்யுது. கண்ணாடிக்குக் காத்து வராது."

"அவவுக்குத் தேவை சூடு. கண்ணாடியை என்ன செய்யிறது? திற எண்டால் திற."

றோட்டோரம் நின்ற பழைய வானுக்குள் இஸ்ரத் ஏறினாள். முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடி வழியாக அவள் பார்ப்பதும் கோடு போடுவதும் தெரிந்தது. எட்டரை மணிக்குப் பிள்ளைகள் திரண்டு வந்தார்கள். கமலாம்பிகை பலகையை உயர்த்தி நடுறோட்டில் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தபோது, வானின் கண்ணாடி முழுக்க வெள்ளை வேட்டி விரித்ததுபோலப் பனி பிடித்திருந்தது. உள்ளே ஒரு கை தேய்க்கிற நிழல் மட்டும் தெரிந்தது. கதவு உறைந்து திறக்கவில்லைப்போலும், தட்டுகிற சத்தம் கேட்டது.

பலகை உயர்ந்திருக்கும்போது கார்ட் இடம்விட்டு நகரக் கூடாது. பிள்ளைகளை மறித்து வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். சின்னதுகளின் கன்னங்கள் சிவந்திருந்தன. "நடவுங்கோ, நடவுங்கோ," என்றார். பதினொரு பேர் கடந்தார்கள்.

கதவை உதைத்துத் திறந்துகொண்டு இஸ்ரத் இறங்கியபோது அந்தக் கரையில் கடைசிப் புத்தகப்பையும் மறைந்திருந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களையும் எண்ணி, ஒன்பது மணிக்குக் கூட்டிப் பார்த்தாள். "பத்தொன்பது."

"முப்பது," என்றார் கமலாம்பிகை.

"இருக்கும், அன்ரி. ஆனா நான் கண்டது பத்தொன்பதுதான்."

"அக்கா, பதினொரு பேர் காத்தோட போச்சினமோ?" றெமிஜியஸ் வாளியைக் கீழே வைத்தான். "தங்கச்சி, முப்பதெண்டு எழுதும். நான் சாட்சி!"

"நீ பின்பக்கத்தில உப்புப் போட்டுக்கொண்டு நிண்டனி. நீ என்னத்துக்குச் சாட்சி?" கமலாம்பிகை அவனை அடக்கிவிட்டு இஸ்ரத்திடம் திரும்பினார். "கண்டதைத்தான் எழுத வேணும், பிள்ளை. நானும் அப்பிடித்தான்."

இஸ்ரத் அவருடைய பெயரையும் போன் நம்பரையும் கேட்டு எழுதிக்கொண்டாள். தாளின் அடியில் 'வேறு குறிப்புகள்' என்றிருந்த பெட்டியில் மூன்று வரி எழுதினாள். என்ன எழுதினாள் என்று கமலாம்பிகை கேட்கவில்லை. ஒன்பது வருடத்தில் அவர் கேட்காமல் விட்ட ஒரே செய்தி அது. அன்று பின்னேரம் முப்பது பிள்ளைகளும் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு அவரைக் கடந்து வீட்டுக்குப் போனார்கள். முப்பதையும் மனதுக்குள் எண்ணினார்.

பங்குனியில் மேற்பார்வையாளர் போன் எடுத்தார். எண்ணியது பத்தொன்பது. ஆனால் எண்ணிய பெண், தான் வாகனத்துக்குள் இருந்ததால் கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை, மறுபடி எண்ண வேண்டும் என்று எழுதியிருக்கிறாள்.

"அது அவவின்ர பிழை இல்லை," என்றார் கமலாம்பிகை உடனே. "ஏத்தி இருத்தினது நான். அதையும் எழுதுங்கோ."

வைகாசியில் இஸ்ரத் மறுபடி வந்தாள். மேப்பிள் மரத்தடியில், வெயிலில் நின்றாள். இந்தமுறை இருவரும் தலையசைத்துக்கொண்டதோடு சரி. பனி போனதால் காரை விட்டு நடந்தவர்களும் இருந்தார்கள், மில்லிக்கனிலிருந்து புதிதாகக் குடிவந்த மூன்று பேரும் இருந்தார்கள். கமலாம்பிகை மனக்கணக்கு வைத்திருந்தார். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒருதரம் கேட்ட செய்தி, இன்னும் உறுதியாகவில்லை.

ஆனிக் கடைசியில் பள்ளி மூடியது. முடிவு வரவில்லை. எதற்கும் கார்ட் மேலங்கியையும் பலகையையும் திருப்பித் தந்துவிடச் சொன்னார் மேற்பார்வையாளர். "கேக்க வேண்டிய நேரத்தில கேளுங்கோ, தாறன்," என்றுவிட்டு, கமலாம்பிகை மேலங்கியைத் தோய்த்துக் காயவைத்து அலுமாரியில் மாட்டினார். வெடித்த சப்பாத்தைக் குப்பையில் போட்டார். லக்சிகா போன் எடுத்துக் கேட்டபோது, "நியூஸ் இன்னும் றோட்டுக்கு அந்தக் கரையில நிக்குது," என்றார்.

ஆவணி நடுவில், வெக்கையில் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டுச் சோற்றுக்குக் கறி வைத்துக்கொண்டிருந்தபோது போன் மணி எழுப்பியது. தெரியாத நம்பரிலிருந்து ஒரு குரல் செய்தி. கையைத் துடைத்துவிட்டு அழுத்தினார்.

"அன்ரி, இஸ்ரத் கதைக்கிறன். கடிதம் உங்களுக்கு வாற கிழமைதான் வரும், அதுக்கு முதல் எண்ணிக்கையை நான் சொல்லக் கூடாது. ஆனா உங்கட சப்பாத்தில பிளாஸ்ரிக் பை தெரிஞ்சதை அண்டைக்கே பாத்தனான். இப்ப கடையில மலிவு போட்டிருக்கு. குளிருக்கு நல்ல சப்பாத்தாய் ஒரு சோடி வாங்கி வையுங்கோ, அன்ரி."