எடைமேடையில் இரண்டு லைப்ரரி

கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் திண்டிவனத்தில் எடைமேடை வைத்திருப்பவருக்கு ஒரு கணினி நிரல் எழுதிக் கொடுத்தேன். பத்தொன்பது ஆண்டுகள் விண்டோஸில் அது ஒரு முறையும் தவறவில்லை. வண்டி ஏறியதும் மேடை ஆடும். அதனால் எடை காட்டும் மீட்டரை ஐந்து முறை படித்து நடு எண்ணைத் தரும்படி ஒரு பகுதி எழுதி, அதற்கு ‘எடை’ என்று பெயர் வைத்து, நிரல் வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்ளும் தனிக் கோப்பில், அதாவது ஒரு லைப்ரரியில், போட்டிருந்தேன்.

சென்ற ஆண்டு முதலாளியின் மருமகன் விழுப்புரத்திலிருந்து வந்தார். வைரஸ் தொல்லை என்று கணினியை லினக்ஸுக்கு மாற்றினார். என் நிரலை அதற்கேற்ப மறுபடி கட்டி, புது மீட்டருக்கென்று தானும் ஒரு லைப்ரரி எழுதிச் சேர்த்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை டிராக்டரில் ஏற்றி வந்த பெருமுக்கல் கிராமத்துக்காரர் ஒருவர் சண்டை போட்ட பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

“மூணு வாட்டி ஏத்துனேன் வாத்தியாரே, மூணு எடை காட்டுது. இன்னா, ஆளைப் பாத்து எடை போடுதா?”

மருமகன் நாற்காலியை விட்டு எழவில்லை. “சாரோட புரோகிராம் பழசுங்க. லினக்ஸுக்கு ஒத்துக்காது” என்றார், பின்னால் நின்ற ஆறு வண்டிக்காரர்களும் கேட்கும்படி. அதில் நான்கு பேர் என்னிடம் படித்தவர்கள். திருட்டு எடை என்ற சொல் ஒருவன் மேல் விழுந்தால் இந்த ஊரில் சாகும்வரை போகாது.

எந்தப் பெயர் எந்த லைப்ரரியில் போய்ச் சேருகிறது என்று காட்டும்படி நிரலை ஓடவிட்டேன். அவருடைய லைப்ரரியிலும் ‘எடை’ என்றே ஒன்று இருந்தது. அது மீட்டரை ஒரே முறை படித்து, ஆட்டத்தில் கண்ட எண்ணை அப்படியே தருவது. விண்டோஸில் இதனால் கேடில்லை. இன்ன லைப்ரரியில் இருக்கும் இன்ன பெயர் என்று இரண்டையும் சேர்த்தே அது குறித்து வைக்கிறது. லினக்ஸ் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போகும். வரிசையில் முதலில் எதில் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். மருமகன் தன்னுடையதை முதலில் போட்டிருந்தார். என் லைப்ரரி தன் சொந்த ‘எடை’யைக் கூப்பிட்டாலும் அவருடையதே வந்தது.

பஸ் ஸ்டாண்டில் ‘பெருமுக்கல் மாமா’ என்று கூப்பிடுவதற்கும் வெறும் ‘மாமா’ என்று கூப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் என்று டிராக்டர்காரருக்கு விளக்கினேன்.

“அப்போ உங்களைக் கூப்ட்டா இவரு வந்து நின்னுக்கினு இருக்காரு” என்றார் அவர்.

லைப்ரரியைப் பின்னால் எழுதியவர் தன் ‘எடை’யின் பெயரை மாற்றட்டும் என்றேன்.

“நீங்களே மாத்திக்கங்க சார். உங்களுக்குத்தான் வேற வேலை இல்லையே” என்றார் மருமகன்.

முதலாளி பெண்ணைக் கொடுத்தவர், கல்லாவில் சில்லறை எண்ணினார். பின்னால் ஆறு ஹாரன். நான் வைத்த பெயரை நானே மாற்றினேன். டிராக்டர் மூன்று முறை ஏறியது, மூன்று முறையும் ஒரே எடை. மருமகன் முதலாளியிடம், “சரி பண்ணிட்டேன் மாமா” என்றார்.

பெருமுக்கல்காரர் சீட்டை வாங்கிக்கொண்டு நகரவில்லை.

“போன வாரம் நாலு லோடு போட்டேனே, அதுக்கு இன்னா சொல்றீங்க வாத்தியாரே?”

மருமகன் அதற்குள் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த நான்கு எடையையும் நம்ப முடியாது, எவ்வளவு தப்பு என்று இனிக் கணக்கிடவும் வழியில்லை என்று முதலாளி காதிலும் மற்ற ஆறு பேர் காதிலும் விழும்படி சொன்னேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த எடைமேடைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை.